நிலக்கரிச் சுரங்கங்களும் ஊர்க் கிணறுகளும்

தாமோதர் ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள ராணிகஞ்சில் 1774-ஆம் ஆண்டில் நிலக்கரி வெட்டத் தொடங்கினர். அதற்கு மேற்கே ஜரியாவில் இத்தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வேரூன்றியது. இத்தகைய வட்டாரங்களில், சுரங்கம் வந்தபின் கிணறு வற்றிற்று என்று ஊரார் முறையிடுவதுண்டு. அம்முறையீட்டை ஆராய்ந்து துணிவது எங்ஙனம்?

நிலக்கரிப் படுகைகள் மணற்கல்லுக்கும் களிப்பாறைக்கும் இடையே அமைந்துள்ளன. மணற்கல்லின் வெடிப்புகளில் தங்கியுள்ள நீர் சுரங்கத்தினுள் கசிகிறது. அதனை இடைவிடாது இறைத்தாலன்றி வேலை நடவாது. இறைக்க இறைக்கச் சுற்றுப்புற நீர்மட்டம் புனல் வடிவில் தாழும். ஆயினும், ஊர்க் கிணறுகள் பெரும்பாலும் மேற்பரப்பிலுள்ள சிதைந்த பாறையிலிருந்தே நீர் பெறுவன. இடையே களிப்பாறை பிளவுபடாமல் இருப்பின் அவை அதிகம் பாதிக்கப்படாமலும் இருக்கலாம். கரித்தூண்களை அகற்றிக் கூரையை விழவிடும்போதுதான் நிலைமை மாறுகிறது. வெடிப்புகள் மேலேறித் தரையை எட்டினால் ஏரி நீரும் கீழே இறங்கிவிடும். ஆகவே, தூண்கள் அகற்றப்பட்டனவா, வெற்றிடம் மணலால் நிரப்பப்பட்டதா என்பதே முதற்கண் கேட்கத்தக்க வினா.

அளவீட்டிற்குக் கிணற்றின் விளிம்பில் மாறாத குறியொன்று இட்டு, மழைக்கு முன் மே மாதத்திலும், மழைக்குப் பின் நவம்பரிலும் நீரின் ஆழத்தைப் பதிய வேண்டும். சுரங்கத்தின் தாக்கம் எட்டாத தொலைவில், அதே வகைப் பாறையில் உள்ள கிணறுகளையும் உடன் அளத்தல் இன்றியமையாதது. சான்றாக, சுரங்கத்தை அடுத்த கிணறுகளில் மட்டம் 3 மீட்டரும், தொலைவிலுள்ளவற்றில் 1 மீட்டரும் தாழ்ந்ததாகக் கொள்வோம். அந்த 1 மீட்டர் மழைக் குறைவால் நேர்ந்திருக்கக்கூடும். எஞ்சிய 2 மீட்டருக்கே சுரங்கத்தின்மீது ஐயங்கொள்ள இடமுண்டு. பள்ளிக் கிணற்றை மாணவரைக் கொண்டே ஆசிரியர் அளந்து வரலாம். முன்னாளில் எத்தனை முழக் கயிறு விட்டோம் என்று முதியோர் கூறுவதையும் இகழ வேண்டா. பழைய பதிவேடு இல்லாத ஊரில் அதுவே சான்று.

சுரங்கத்தின் இறைப்புக் கணக்கைப் பயன்படுத்துவோர் ஒன்றை மறத்தல் கூடாது. வெற்றிடத்தை நிரப்ப மணல் நீருடன் கலந்தே உள்ளே செலுத்தப்படுகிறது. அந்நீரும் மீண்டும் இறைக்கப்படுவதால், அதனைக் கழித்த பின்னரே நிலத்தடி நீரின் இழப்பு தெரியவரும்.

நீரின் தன்மையையும் சோதித்தல் வேண்டும். கரியிலுள்ள இரும்புக் கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டு மாறுவதால் சல்பேட்டும் இரும்பும் நீரில் கலக்கின்றன. தாமோதர் வட்டாரக் கரியில் கந்தகம் குறைவு. எனவே அங்குச் சுரங்க நீர் பெரும்பாலும் கடினநீராக உள்ளதேயன்றி மிக்க அமிலத்தன்மை உடையதன்று. கந்தகம் மிகுந்த அஸ்ஸாம், மேகாலயக் கரி வயல்களில் நிலை வேறு. குடிநீரில் சல்பேட்டு லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கு மேற்படாதிருத்தல் நன்று என்பது இந்தியத் தர நிர்ணயம்.

இறைப்பு நின்றதும் கைவிடப்பட்ட சுரங்கங்களில் நீர் மீண்டும் நிரம்பும். கிணறுகளுக்கு இது நன்மையாகலாம். அடுத்த சுரங்கத்தில் உழைப்போர்க்கோ பேரிடராகலாம். 1975 டிசம்பர் 27-இல் சாஸ்நாலாவில் தேங்கியிருந்த நீர் உடைத்துப் புகுந்து 370-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆதலின், கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளின் நீர்மட்டத்தையும் கிணறுகளோடு சேர்த்து மாதந்தோறும் அளந்து, வரைபடத்தில் குறித்து வருதல் வேண்டும்.