இடுப்பு வலிக்குப் பாயா, மெத்தையா?

கேள்வி: எனக்கு நாள்பட்ட இடுப்பு வலி. தரையில் பாய் விரித்துப் படு என்கிறார் கணவர். மெத்தென்ற ஹைபிரிட் மெத்தை வாங்கலாம் என்கிறான் மகன். யார் சொல்வதைக் கேட்பது?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: நான் உங்கள் மகன் பக்கம், ஒரு நிபந்தனையோடு. கட்டாந்தரைதான் மருந்து என்பது நம் வீடுகளில் ஊறிப்போன நம்பிக்கை. ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 313 பேரிடம் நடந்த ஆய்வு 2003இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. கடினமான மெத்தையைவிட நடுத்தர உறுதியுள்ள மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்திருந்தது.

ஹைபிரிட் மெத்தையில் அடியில் பாக்கெட் ஸ்பிரிங், மேலே ஃபோம் அல்லது லேடெக்ஸ் இருக்கும். ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனித் துணிப்பைக்குள் இருப்பதால் தோள் அழுத்தும் இடம் அமிழ்ந்துகொடுக்கும், இடுப்பைத் தாங்கிப் பிடிக்கும். பக்கத்தில் படுத்தவர் புரண்டாலும் அதிகம் ஆடாது. நான் சொன்ன நிபந்தனை இதுதான்: மெத்தென்ற மேலடுக்கு ஒருக்களித்துப் படுப்பவருக்குத்தான் நல்லது. குப்புறப் படுப்பவர் என்றால் வேண்டவே வேண்டாம். வயிறு அமிழ்ந்து இடுப்பு வளையும். மெமரி ஃபோம் சூட்டைப் பிடித்து வைக்கும். திருச்சி வெயிலுக்கு லேடெக்ஸையே சொல்வேன்.

கடையில் கையால் அமுக்கிப் பார்த்து வாங்காதீர்கள். கூச்சப்படாமல் பத்து நிமிடமாவது ஒருக்களித்துப் படுங்கள். முதுகெலும்பு நேராக இருக்கிறதா என்று மகன் பின்னாலிருந்து பார்க்கட்டும். இடுப்பு தொய்ந்தால் அந்த மெத்தை உங்களுக்கு ஆகாது. வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ முதலில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.