வார்டில் உடனிருப்பவர் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019-இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. இத்தகைய கிருமிகள் எளிதில் பரவும் இடங்களில் ஆஸ்பத்திரி வார்டும் ஒன்று. அங்கே ஒரு தொற்றைத் தடுத்தால் ஓர் ஆன்டிபயாட்டிக்கே தேவைப்படாமல் போகும். நோயாளிக்குத் துணையிருக்கும் உங்களுக்கும் அதில் பங்கு உண்டு.

செய்ய வேண்டியவை

● நோயாளியைத் தொடும் முன்னும் தொட்ட பின்னும் கையைச் சுத்தம் செய்யுங்கள். சானிடைசர் என்றால் 20–30 வினாடி, உலரும்வரை தேய்க்க வேண்டும். கையில் அழுக்கு தெரிந்தாலோ, நோயாளிக்கு வயிற்றுப்போக்கு இருந்தாலோ சோப்பும் தண்ணீரும்தான் சரி; சில கிருமிகளின் வித்துகள் சானிடைசரில் சாவதில்லை.

● ட்ரிப்ஸ் ஏறும் இடத்தில் சிவப்பு, வீக்கம், வலி தெரிந்தால் உடனே சிஸ்டரிடம் சொல்லுங்கள்.

● "யூரின் டியூப் இன்னும் தேவையா?" என்று தினமும் கேளுங்கள். அது உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்று அபாயம் கூடுகிறது.

● மருந்து அலர்ஜி இருந்தாலோ, அண்மையில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தாலோ மறைக்காமல் சொல்லுங்கள்.

● கல்ச்சர் ரிசல்ட் வந்தபின் டாக்டர் மருந்தை மாற்றினால், குறைத்தால், நிறுத்தினால் பயப்படாதீர்கள். கிருமி எதுவென்று தெரிந்து அதற்கேற்ற மருந்தை மட்டும் கொடுப்பதே நல்ல வைத்தியம்.

செய்யக்கூடாதவை

● "இன்னும் பவரான ஊசி போடுங்க" என்று வற்புறுத்தாதீர்கள். சாதாரண சளியும் ஃப்ளூவும் வைரஸால் வருபவை. ஆன்டிபயாட்டிக் அவற்றை ஒன்றும் செய்யாது.

● யூரின் பையைத் தரையில் வைக்காதீர்கள். நோயாளியின் இடுப்புக்கு மேலே தூக்காதீர்கள். சிறுநீர் திரும்பி உள்ளே போகும்.

● ஆபரேஷன் காயத்தின் கட்டைப் பிரித்துப் பார்க்காதீர்கள்.

● பக்கத்துக் கட்டிலில் உட்காராதீர்கள். காய்ச்சல், இருமல் உள்ள உறவினர்களைப் பார்க்க வர விடாதீர்கள்.

● டிஸ்சார்ஜ் ஆனபின் ஆன்டிபயாட்டிக்கை நீங்களாக நிறுத்தாதீர்கள். மிஞ்சிய மாத்திரையை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள்.

● பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாட்டிக் வாங்காதீர்கள். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு கட்டாயம் என்று பொருள். பல ஆன்டிபயாட்டிக்குகள் அடங்கிய, 2014 முதல் நடப்பில் உள்ள எச்1 பட்டியல் மருந்துகளுக்கு, நோயாளியின் பெயரைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

"கை கழுவிட்டீங்களா, சிஸ்டர்?" என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது, டாக்டரிடமும் கேட்கலாம். நோயாளியால் கேட்க முடியாதபோது அவருக்காகக் கேட்பது உங்கள் கடமை.