நெஞ்செரிச்சலும் ரானிடிடின் மாத்திரையும்: தம்பதியர் அறிய வேண்டியவை



"ஒண்ணுமில்லே, கேஸுதான். ஒரு மாத்திரை போட்டா சரியாப் போயிடும்." நம் கிராமங்களில் இந்தப் பேச்சு கேட்காத வீடு குறைவு. நெஞ்சு கரித்தாலும், புளித்த ஏப்பம் வந்தாலும், வயிறு உப்பினாலும் கடையில் போய் "கேஸ் மாத்திரை" என்று கேட்டு வாங்கிவிடுகிறோம். அதன் பெயர் என்ன என்று பார்ப்பதில்லை. மனைவி கர்ப்பமாக இருக்கும்போதும் அதே அட்டையிலிருந்து ஒன்றைக் கிள்ளிக் கொடுக்கிறோம்.

அப்படி வெகுகாலம் விற்ற மாத்திரைகளில் ஒன்று ரானிடிடின். ரான்டாக், ஜினெடாக், அசிலாக் முதலிய பெயர்களில் நம் ஊர்க் கடைகளுக்கு வந்தது. பல நாடுகள் இம்மருந்தைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றன. ஏன் பெற்றன, அதற்குப் பதில் என்ன செய்வது என்பதைக் கணவன், மனைவி இருவரும் சேர்ந்து படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

ரானிடிடின் செய்யும் வேலை

நாம் உண்ணும் உணவைச் செரிக்க இரைப்பையில் அமிலம் சுரக்கிறது. அளவோடு இருந்தால் நல்லது. மேலே ஏறி உணவுக்குழாயைத் தொட்டால் எரிச்சல். இந்தச் சுரப்பைக் குறைப்பதே ரானிடிடினின் வேலை. 1981-ல் விற்பனைக்கு வந்த இம்மருந்து, சில ஆண்டுகளிலேயே உலகில் மிக அதிகமாக விற்கும் மருந்துகளில் ஒன்றாயிற்று. மருந்து வேலை செய்யவில்லை என்று யாரும் குறை சொல்லவில்லை. குறை வேறு இடத்தில் இருந்தது.

ஏன் திரும்பப் பெற்றார்கள்?

2019 செப்டம்பரில், சில ரானிடிடின் மாத்திரைகளில் என்.டி.எம்.ஏ. என்னும் வேதிப்பொருள் இருப்பதாக அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் அறிவித்தது. இது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் பொருள். புகையிலைப் புகையிலும், புகையூட்டிப் பதப்படுத்திய இறைச்சியிலும் சிறு அளவில் உண்டு.

மேலும் ஆராய்ந்தபோது, ரானிடிடின் நாளாக ஆக இந்தப் பொருள் தானாகவே கூடுகிறது என்றும், வெப்பத்தில் இன்னும் வேகமாகக் கூடுகிறது என்றும் தெரிந்தது. தொழிற்சாலையில் சுத்தமாகச் செய்த மாத்திரையும் அலமாரியில் இருக்கும்போதே கெடலாம். ஆகவே 2020 ஏப்ரல் 1 அன்று எல்லா ரானிடிடின் மருந்துகளையும் திரும்பப் பெறுமாறு அந்த நிர்வாகம் கேட்டுக்கொண்டது. அதே ஆண்டில் ஐரோப்பிய மருந்து முகமையும் விற்பனையை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது.

நம் நாட்டில் 2022-ல் வெளியான தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலிருந்து ரானிடிடின் நீக்கப்பட்டது. ஆனால் பட்டியலிலிருந்து நீக்குவது வேறு, விற்பனையைத் தடை செய்வது வேறு. ஆகவே கடைகளில் கிடைக்கலாம். உங்கள் வீட்டில் பழைய அட்டையும் இருக்கலாம். ஓட்டு வீட்டிலும் தகரக் கூரையின் கீழும் சித்திரை வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அங்கே மாதக்கணக்கில் கிடந்த மாத்திரையைப் பயன்படுத்த வேண்டாம்.

"ஐயோ, நான் சாப்பிட்டேனே!"

பயப்பட வேண்டாம். என்.டி.எம்.ஏ.வுக்கு வைத்துள்ள எல்லை ஒரு நாளைக்கு 96 நானோகிராம். ஒரு கிராமை 100 கோடிப் பங்காகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம். இந்த அளவை 70 வருஷம் தினமும் உட்கொண்டாலும், லட்சம் பேரில் ஒருவருக்கு மேல் கூடுதலாகப் புற்றுநோய் வராது என்ற கணக்கில் வைத்த எல்லை இது. ரானிடிடின் சாப்பிட்டவர்களைப் பற்றிய பெரிய ஆய்வுகளிலும், அதனால் புற்றுநோய் கூடியது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை.

கர்ப்ப காலத்தில் சில நாள் சாப்பிட்டுவிட்டோமே என்று மனம் நோக வேண்டாம். இனி வேண்டாம், அவ்வளவே. இதைவிட நல்ல வழி இருக்கும்போது ஆபத்துக்கு இடம் தருவானேன்?

முதல் மருந்து சாப்பாட்டு நேரம்

கர்ப்பிணிக்கு நெஞ்சு கரித்தால் "பிள்ளைக்கு முடி அதிகம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். முடி எப்படியிருந்தாலும், காரணங்கள் இரண்டு. கர்ப்ப காலச் சுரப்பு நீர்கள் இரைப்பையின் மேல்வாயைத் தளர்த்திவிடுகின்றன. வளரும் கருப்பை இரைப்பையை மேலே தள்ளுகிறது. பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் தானே நின்றுவிடும்.

பல வீடுகளில் கணவர் இரவு 9, 10 மணிக்கு வருகிறார். அவர் சாப்பிட்ட பிறகு மனைவி சாப்பிட்டு, பாத்திரத்தை ஒதுக்கிவிட்டு உடனே படுக்கிறாள். நிறைந்த வயிற்றோடு படுத்தால் அமிலம் மேலே வராமல் என்ன செய்யும்? கணவன்மாரே, "எனக்காகக் காத்திருக்காதே, நீ 7 மணிக்கே சாப்பிடு" என்று நீங்களே சொல்லுங்கள். மாமியார் முன்னிலையில் சொல்லுங்கள். மாத்திரைச் செலவு பாதி குறையும்.

மற்றவை:

1. ஒரே வேளையில் வயிறு முட்ட உண்ணாமல், சிறிது சிறிதாக 5, 6 வேளை உண்ணவும்.
2. சாப்பிட்டு 2, 3 மணி நேரம் கழித்தே படுக்கவும். தலைப்பக்கம் அரை அடி உயர்த்தி, இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவும்.
3. காரம், எண்ணெய்ப் பலகாரம், காப்பி, டீ குறைக்கவும். பீடி, சாராயம், புகையிலை கூடாது. இது கணவருக்கும்தான்.
4. வெறும் வயிற்றில் உடம்பு வலி மாத்திரை போடாதீர்கள். அதுவே பலருக்கு வயிற்றுப் புண்ணை உண்டாக்குகிறது.

அப்படியும் தீராவிட்டால்?

*அமிலத்தை முறிக்கும் வெள்ளை மருந்து:* ஜெலுசில், டைஜீன் போன்றவை. கர்ப்பிணிகள் செவிலியரைக் கேட்டுச் சாப்பிடலாம். ஆனால் இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது. இரும்பு உடம்பில் சேராது. இரண்டுக்கும் நடுவே குறைந்தது 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள். நெஞ்செரிச்சலுக்கு வைத்தியம் பார்த்து இரத்தசோகையை வாங்கிக்கொள்ளக் கூடாது.

*ஃபாமோடிடின்:* இது ரானிடிடின் வகையைச் சேர்ந்ததே. ஆனாலும் அமெரிக்க நிர்வாகம் செய்த சோதனைகளில் இதில் என்.டி.எம்.ஏ. காணப்படவில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். அதை டாக்டர் சொல்வார்.

*ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல்:* சுரப்பை வலுவாக அடக்குபவை. ஒமிப்ரசோலும் அந்தச் சோதனையில் தேறியது. காலை உணவுக்கு அரை மணி முன்பு சாப்பிட வேண்டும். டாக்டர் சொன்ன நாள் வரைதான். வருடக்கணக்கில் தாமாகவே சாப்பிட்டால் பி12, மெக்னீசியம் குறையலாம், எலும்பு பலவீனப்படலாம். ஒரு மாத்திரையை விட்டு இன்னொன்றை ஆயுளுக்கும் பிடித்துக்கொள்வது மாற்று ஆகாது.

*வேண்டாதவை:* ஆப்ப சோடா கரைத்துக் குடிப்பதும், பொங்கி வரும் சோடாப் பொடிகளும் கர்ப்பிணிகளுக்கும் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் ஆகாது. உப்புச் சத்து கூடும். மிசோப்ரோஸ்டால் என்ற வயிற்றுப் புண் மருந்து கருப்பையைச் சுருக்கிக் கருவைக் கலைக்கக்கூடியது. கர்ப்பமாக இருப்பவரும், இருக்கலாமோ என்று சந்தேகம் உள்ளவரும் அதைத் தொடக் கூடாது. பெயர் தெரியாத மாத்திரை வேண்டாம் என்று சொல்வது இதற்காகத்தான்.

எல்லா எரிச்சலும் "கேஸ்" அல்ல

கீழ்க்கண்டவை தெரிந்தால் மாத்திரை தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

• 5 மாதம் கடந்த கர்ப்பிணிக்கு மேல்வயிற்றில் வலி, கூடவே கடும் தலைவலி, கண் மங்கல், முகம் அல்லது கை வீக்கம். இது இரத்த அழுத்த நோயாக இருக்கலாம். தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. உடனே 108-ஐ அழையுங்கள்.

• நெஞ்சை அழுத்தும் வலி, வியர்வை, மூச்சு வாங்குதல், இடது கையிலோ தாடையிலோ வலி. இது மாரடைப்பாக இருக்கலாம். இதற்கும் 108.

• இரத்த வாந்தி, அல்லது தார்போல் பிசுபிசுத்து நாற்றமடிக்கும் கறுப்பு மலம். உடனே ஆஸ்பத்திரி. (இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும். பிசுபிசுப்பும் மயக்கமும் இல்லையென்றால் அதற்குப் பயம் வேண்டாம். மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.)

• விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் உடல் இளைத்தல், 2 வாரத்துக்கு மேலும் தீராத எரிச்சல். தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.

இன்றே செய்ய வேண்டியது

வீட்டில் உள்ள மருந்து டப்பாவை இருவருமாக எடுத்துப் பாருங்கள். அட்டையில் ரானிடிடின் என்று இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். டாக்டர் எழுதித் தந்து தொடர்ந்து சாப்பிடுபவர்கள், அட்டையைக் கொண்டு போய் அவரிடம் காட்டி வேறு மருந்து கேளுங்கள். மற்ற மருந்துகளை அடுப்படியில் வைக்காமல் குளுமையான, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இனி கடையில் "கேஸ் மாத்திரை" என்று கேட்காதீர்கள். "இதன் பெயர் என்ன? கர்ப்பிணி சாப்பிடலாமா?" என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள்; அல்லது 104-க்குப் போன் செய்யுங்கள்.

மருந்தின் பெயர் தெரிந்து சாப்பிடுவோம்! நேரத்தோடு உண்போம்! தாயும் சேயும் நலமாக வாழ்வோம்!