இரு கைகளிலும் நாடி பார்ப்போம்

கிராம முன்னேற்றம் என்றவுடன் சாலை, பள்ளிக்கூடம், குடிநீர் ஆகியவையே நம் நினைவிற்கு வருகின்றன. இவற்றையெல்லாம் உண்டாக்குவது மக்களின் உழைப்பு. அவ்வுழைப்பிற்கு ஆதாரம் உடல்நலம். காசநோயைப் பற்றியும் சர்க்கரை நோயைப் பற்றியும் ஊராட்சி உறுப்பினர்கள் ஓரளவு அறிந்திருக்கிறார்கள். ஆகவே, அவ்வளவாக அறியப்படாத வேறொரு நோயைப் பற்றி இங்கே ஆராய்வோம். அது அபூர்வமான நோய்தான். ஆயினும் அதைச் சந்தேகிப்பதற்கான முதற்படி, எந்தக் கிராமத்திலும் செலவின்றிச் செய்யக்கூடியது. அதனாலேயே இதனை எழுத முற்பட்டோம்.

நோயின் தன்மை

இருதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி, ஏரியிலிருந்து புறப்படும் தலைவாய்க்காலைப் போன்றது. அதிலிருந்து கைகளுக்கும், கழுத்து வழியாக மூளைக்கும், சிறுநீரகங்களுக்கும், கால்களுக்கும் கிளைகள் பிரிகின்றன. இப்பெரிய குழாய்களின் சுவரில் அழற்சி உண்டாகி, சுவர் தடித்து, உள்வழி குறுகிவிடுவதே இந்நோய். வாய்க்காலில் வண்டல் படிவதற்கு இதை ஒப்பிடலாகாது. கரையே உட்புறமாக வீங்கி வழியை அடைப்பதற்கு ஒப்பிடலாம். சில இடங்களில் சுவர் வலுவிழந்து வெளிப்புறமாகப் புடைப்பதும் உண்டு.

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தன் குழாய்களைத் தாக்குவதால் இவ்வழற்சி உண்டாகிறது. இது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றாது. பத்து இலட்சம் மக்களில் ஓராண்டில் சுமார் ஓரிருவருக்கே இது புதிதாகத் தோன்றுகிறது. நோயுற்றோரில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களிலும் பத்து வயதிற்கும் நாற்பது வயதிற்கும் இடைப்பட்டவர்களே மிகுதி. ஜப்பான், இந்தியா முதலிய ஆசிய நாடுகளில் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

1908ஆம் ஆண்டில் ஜப்பானியக் கண் மருத்துவரான மிகிதோ டக்கயாசு என்பவர், ஓர் இளம்பெண்ணின் விழியின் உட்புறத்தில் இரத்தக் குழாய்கள் மாலைபோல் சுற்றிப் பின்னிக் கிடந்ததைக் கண்டு அறிவித்தார். அதே கூட்டத்தில் வேறு இரு மருத்துவர்கள், தாங்கள் கண்ட இத்தகைய நோயாளிகளின் மணிக்கட்டில் நாடி தென்படவில்லை என்று கூறினார்கள். எனவே இது டக்கயாசு நோய் என்றும், நாடியற்ற நோய் என்றும் வழங்கலாயிற்று.

அறிகுறிகள்

தொடக்கத்தில் தனித்த அடையாளம் எதுவும் இராது. விட்டு விட்டு வரும் இலேசான காய்ச்சல், சோர்வு, உடல் மெலிவு, இரவில் வியர்த்தல், மூட்டு வலி ஆகியவை மாதக்கணக்கில் நீடிக்கும். இரத்த சோகை என்றோ, காசநோய் என்றோ எண்ணுவது இயல்பு. அவற்றிற்கான சோதனைகளையும் செய்யத்தான் வேண்டும்.

குழாய் குறுகிய பின்னரே அடையாளங்கள் தெளிவுபடும். வேலை செய்யும்போது ஒரு கை விரைவில் களைத்து வலிக்கும். சற்று ஓய்ந்தால் வலி தணியும். அக்கை சில்லிட்டும் இருக்கலாம். கழுத்தின் பக்கவாட்டில் வலி, தலைசுற்றல், மயக்கம், கண் இருளுதல் ஆகியவை தோன்றலாம். நடந்தால் கால் கடுக்கலாம். சிறுநீரகத்திற்குச் செல்லும் குழாய் குறுகினால், இளவயதிலேயே இரத்த அழுத்தம் கடுமையாக உயரும். நம் நாட்டு நோயாளிகளிடம் இது அடிக்கடி காணப்படும் குறி.

நாம் கண்ட ஒரு நிகழ்ச்சி

சில ஆண்டுகளுக்கு முன்பு எமது ஒன்றியத்தில் ஓர் ஏரியைத் தூர்வாரும் வேலை நடைபெற்றது. இருபத்தேழு வயதுப் பெண் ஒருவர், நான்கு கூடை மண் சுமந்ததும் நின்று இடக்கையை உதறுவார். பின்னர் மீண்டும் சுமப்பார். மேற்பார்வையாளர் அதனைச் சோம்பல் என்றார். பார்வையிடச் சென்றிருந்த நாமும் அதை மறுக்கவில்லை. வீட்டிலோ, பிள்ளை பெற்ற பலவீனம் என்றார்கள்.

தலைவலிக்காக அவர் ஒரு மருத்துவ முகாமிற்குச் சென்றபோது, இடக்கையில் கட்டிய கருவி அளவு காட்டவில்லை. கருவி பழுது என்று கருதி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஓராண்டிற்குப் பிறகு, வேறொரு செவிலியர் வலக்கையிலும் கட்டிப் பார்த்தார். மேல் அளவு 190 இருந்தது. பழுதுபட்டிருந்தது கருவியன்று, இடக்கைக்குச் செல்லும் குழாயே என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று. அதற்குள் அவருடைய ஒரு சிறுநீரகம் சுருங்கிவிட்டிருந்தது. இப்பொழுது அவர் சிகிச்சையில் நலமாக இருக்கிறார். ஆயினும் இழந்த சிறுநீரகத்தைத் திருப்பித் தர இயலாது. அந்த ஓராண்டை வீணாக்கியவர்களில் நாமும் ஒருவர் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

இதில் ஒரு பாடம் அடங்கியிருக்கிறது. குழாய் குறுகிய கையில் அழுத்தம் குறைவாகவே தெரியும். உடலின் பிற பகுதிகளில் அது அபாயகரமாக உயர்ந்திருப்பினும், அக்கையில் அளப்பவர் யாதொரு குறையும் இல்லை என்றே எண்ணுவார்.

செய்ய வேண்டிய சோதனை

நாடி பார்ப்பது நம் நாட்டிற்குப் புதிதன்று. ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை என்பது நாட்டு வைத்தியர்களின் வழக்கம். இந்நோய்க்கோ இரண்டு கைகளையும் பார்த்தல் அவசியம். நோயாளியை ஐந்து நிமிடம் அமரச் செய்து, கட்டை விரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் மூன்று விரல்களை மெல்ல வைக்கவேண்டும். பார்ப்பவர் தம் கட்டை விரலை வைக்கலாகாது; அதன் துடிப்பே ஏமாற்றிவிடும். ஒரு கையில் துடிப்பு இல்லாவிடினும், மற்றதைவிட மெலிந்திருப்பினும் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, இரு கைகளிலும் இரத்த அழுத்தம் அளக்கும்படி சுகாதார நிலையத்தில் கேட்கலாம். சிறு வேறுபாடு நல்ல உடல் உள்ளவர்களிடமும் உண்டு. மேல் அளவில் 10க்கு மேல் வேறுபாடு இருந்தால் மறுபடியும் அளக்க வேண்டும். 20 அல்லது அதற்கு மேலான வேறுபாடு மீண்டும் மீண்டும் காணப்பட்டால், தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இரு கைகளுமே பாதிக்கப்பட்டிருந்தால் இரண்டிலும் அளவு குறைந்தே இருக்கும். அப்பொழுது மருத்துவர் காலிலும் அளந்து பார்ப்பார்.

இவையெல்லாம் சந்தேகத்திற்கு இடம் தருவனவேயன்றி, முடிவாகா. வயதானவர்களுக்குக் கொழுப்புப் படிவதாலும் நாடி குறையலாம். இரத்தச் சோதனை, டாப்ளர் சோதனை, குழாய்களைக் காட்டும் சி.டி. அல்லது எம்.ஆர். படம் ஆகியவற்றைக் கொண்டு மருத்துவரே நோயை உறுதி செய்வார்.

சிகிச்சையும் எச்சரிக்கையும்

அழற்சியைத் தணிக்க ஸ்டீராய்டு மருந்தும், எதிர்ப்புச் சக்தியைக் கட்டுப்படுத்தும் வேறு மருந்துகளும் அளிக்கப்படுகின்றன. அவசியமானால் குறுகிய குழாயை விரிவுபடுத்துவர். அல்லது மாற்றுவழி அமைத்து அறுவை செய்வர். நோய் தணிந்து மீண்டும் தலைதூக்கக் கூடுமாதலால், பல ஆண்டுகள் மருத்துவரின் பார்வையில் இருத்தல் வேண்டும். உடல் தேறிவிட்டது என்று ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். கருவுற விரும்பும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். சில மருந்துகள் கருவிற்குத் தீங்கு செய்யும். திடீரென முகம் கோணினாலும், கைகால் விழுந்தாலும், பேச்சுக் குழறினாலும், பார்வை போனாலும் உடனே 108 வண்டியை அழைக்க வேண்டும்.

நமது கடமை

ஊராட்சி உறுப்பினர்கள் மருத்துவராக வேண்டியதில்லை. கிராம சபையிலும் மகளிர் குழுக்களிலும் இச்செய்தியை ஒருமுறை எடுத்துரைத்தால் போதும். இது தொற்று நோயன்று, செய்வினையுமன்று, மணமுறிவிற்குக் காரணமும் ஆகாது என்பதை வீட்டாருக்கு உணர்த்துவதும் உங்கள் சொல்லாலேயே ஆகும்.

நாற்று நடும் வயலிலோ, களத்திலோ, ஏரிக்கரையிலோ, இளம்பெண் ஒருவர் "கை ஓய்ந்து போகிறது" என்று சொன்னால், அதனைச் சோம்பல் என்று தீர்ப்பளிக்குமுன் அவரது இரு மணிக்கட்டுகளையும் தொட்டுப் பார்க்கச் செய்யுங்கள். அதற்கு இரண்டு நிமிடம் போதும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேரிடம் இரு நாடிகளும் சரியாகவே இருக்கும். அவர்களுக்கு இதனால் நட்டமில்லை. எஞ்சிய ஒருவருக்கோ, அந்த இரண்டு நிமிடமே ஒரு சிறுநீரகத்தையோ, கண்பார்வையையோ, உயிரையோ காத்துத் தரக்கூடும்.