உடற்பயிற்சியும் மார்பு வளர்ச்சியும்: திருநங்கைச் சகோதரிகளுக்குச் சில விளக்கங்கள்



"ஆஸ்பத்திரி, மாத்திரை எதுவும் இல்லாம இயற்கையாவே மார்பு வளருமா? தினமும் தண்டால் எடுத்தா வளருமாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. "ஓடினா, எடை தூக்கினா வந்த வளர்ச்சியும் போயிடுமாமே?" என்று பயப்படுபவர்களும் உண்டு. கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. இரண்டு கேள்விக்கும் இந்தப் பிரசுரத்தில் பதில் இருக்கிறது. உங்கள் வீட்டாருக்கும், ஜமாத்தில் உள்ள குருவுக்கும் நானிக்கும் படித்துக் காட்டுங்கள்.

மார்பு எதனால் ஆனது?

மார்பகத்தில் இருப்பவை பால் சுரப்பிகள், அவற்றின் குழாய்கள், கொழுப்பு, இவற்றைத் தாங்கும் நார். அதில் தசை கிடையாது. தசை அதற்கு அடியில், விலா எலும்புகளின் மேல் இருக்கிறது. தண்டால் எடுத்தால் பருப்பது அந்தத் தசைதான்.

கட்டிலையும் மெத்தையையும் நினைத்துக்கொள்ளுங்கள். பலகை தடித்தால் மெத்தை சற்று உயர்ந்து தெரியும். அதனால் மெத்தை பருத்துவிட்டது என்று சொல்வோமா? அதே மாதிரிதான் இதுவும். பயிற்சியால் மார்பு நிமிர்ந்து தெரியலாம். சுரப்பி வளராது.

அப்படியானால் வளர்ப்பது எது?

ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன். பெண் பிள்ளைகளுக்குப் பருவ வயதில் சூலகம் இதைச் சுரக்கிறது. திருநங்கையின் உடலில் சூலகம் இல்லை. இயற்கையாக ஊறும் ஈஸ்ட்ரோஜனும் மிகக் குறைவு. எந்தப் பயிற்சியும் அதைக் கூட்டாது.

டாக்டர் மேற்பார்வையில் ஹார்மோன் எடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் 3 முதல் 6 மாதத்தில் காம்புக்கு அடியில் சிறு முடிச்சு போலத் தென்படும்; தொட்டால் வலிக்கும். வளர்ச்சி முழுமை பெற 2 முதல் 3 ஆண்டு ஆகலாம். அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். மாத்திரையை இரட்டிப்பாக விழுங்கினால் ஆபத்துதான் இரட்டிக்கும்.

வெந்தயம், சோயா, தண்ணீர்விட்டான் கிழங்கு இவற்றை உணவாகச் சாப்பிடுவதில் தவறில்லை. மார்பை வளர்க்கும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. இதை நம்பிப் பணத்தைக் கரைக்காதீர்கள்.

கடைக் கருத்தடை மாத்திரை வேண்டாம்

"அக்கா ஒருத்தி சாப்பிட்டா, நானும் சாப்பிடறேன்" என்று மாலா-டி, மாலா-என் போன்ற மாத்திரைகளை நாளுக்கு மூன்று, நான்கு என்று விழுங்குவது மிகவும் தவறு. அவை கருத்தடைக்கென்று தயாரானவை. அவற்றில் உள்ள எத்தினில் ஈஸ்ட்ராடையால் ரத்தம் உறையும் ஆபத்தை அதிகப்படுத்தும். அதனால்தான் திருநங்கையரின் ஹார்மோன் சிகிச்சைக்கு டாக்டர்கள் இதைப் பயன்படுத்துவதில்லை. பீடி, சிகரெட் பழக்கமும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

பிறகு பயிற்சி எதற்கு?

மார்புக்காக அல்ல, உயிருக்காக.

1. எலும்புக்கு: நிர்வாணம் முடிந்த பிறகு ஹார்மோன் எடுக்காமல் விட்டுவிட்டால், காலப்போக்கில் எலும்பு பலம் குறையும். நடப்பது, படி ஏறுவது எலும்பைக் காக்க உதவும். ஆனால் அது மட்டும் போதாது. டாக்டரையும் பார்க்க வேண்டும்.

2. ரத்த ஓட்டத்துக்கு: ஒரே இடத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தால் கால் நரம்பில் ரத்தம் தேங்கும். பஸ், ரயில் பயணத்தில் கணுக்காலை அசைத்துக்கொண்டே இருங்கள். முடிந்தால் எழுந்து நாலு எட்டு நடங்கள்.

3. மனதுக்கு: தினமும் நடப்பவருக்குத் தூக்கம் நன்றாக வரும், கவலை குறையும்.

"பயிற்சி செஞ்சா ஆண் ஹார்மோன் ஏறிடுமே" என்ற பயம் வேண்டாம். சற்று ஏறினாலும் சிறிது நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். வந்த வளர்ச்சியும் பயிற்சியால் கரையாது. ஆனால் பட்டினி கிடந்து உடம்பை இளைக்கவிட்டால் மார்பில் உள்ள கொழுப்பும் சேர்ந்து குறையும். ஆகவே பயிற்சியோடு வயிறாரச் சாப்பிடுங்கள். பருப்பு, முட்டை, மீன், கீரை எது கிடைக்கிறதோ அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எப்படிச் செய்வது?

வாரத்தில் 5 நாள், நாளுக்கு 30 நிமிடம் வேகமாக நடந்தால் போதும். வாரத்தில் 2 நாள் தசைக்கான பயிற்சி: சுவரில் இரு கையையும் ஊன்றி 10 தடவை சாய்ந்து நிமிர்வது, நாற்காலியில் 10 தடவை உட்கார்ந்து எழுவது. வலி உள்ள மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டாதீர்கள். அளவான, நன்றாகத் தாங்கும் பாடி அணியுங்கள்.

ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனிக்க: அது உடலில் பொட்டாசியத்தைத் தங்க வைக்கும். இளநீரிலும் பொட்டாசியம் அதிகம். வேர்த்த பின் இளநீரை அடிக்கடி குடிக்காமல் தண்ணீர் குடியுங்கள். மற்றதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உடனே 108-ஐ அழைக்க வேண்டிய அறிகுறிகள்

ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி, திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் வராமல் போவது. ஹார்மோன் அல்லது கருத்தடை மாத்திரை சாப்பிட்டதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். அதைச் சொன்னால்தான் சரியான சிகிச்சை தர முடியும்.

எங்கே போவது?

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது அரசு மருத்துவமனை. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் திருநங்கையருக்கென்று தனிப் பிரிவு உண்டு. 2008-ல் தமிழக அரசு திருநங்கையர் நல வாரியம் அமைத்தது. அதன் உதவிகளைப் பற்றி மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

சகோதரிகளே, வளர்ச்சி மெதுவாகத்தான் வரும். அதற்குக் குறுக்கு வழி தேடி உயிரைப் பணயம் வைக்காதீர்கள். நாளைக் காலையிலேயே ஒரு தோழியைக் கூட்டிக்கொண்டு நடக்கத் தொடங்குங்கள். மாத்திரை விஷயத்தை மட்டும் டாக்டரிடம் விட்டுவிடுங்கள்.