பாடம் 8: சட்டத்தின் வழி நின்ற நாடு

நுழையும் முன்

இருபத்தொன்றாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகள் உலகிற்கு அமைதியான ஆண்டுகளாக அமையவில்லை. 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் நிகழ்ந்த தாக்குதலில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் மாண்டனர். அதே ஆண்டு டிசம்பர் 13 அன்று நம் நாடாளுமன்றம் தாக்கப்பட்டது. 2006 ஜூலை 11 அன்று மும்பையின் புறநகர் ரயில்களில் குண்டுகள் வெடித்தன. இத்தகைய கொடுமைகள் நிகழும்போது ஒரு நாடு எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்? சினம் காட்டுவதா, சட்டம் காட்டும் வழியில் செல்வதா? 2008ஆம் ஆண்டு மும்பையில் நிகழ்ந்த தாக்குதலையும், அதற்கு நம் நாடு அளித்த விடையையும் இப்பாடத்தில் காண்போம்.

கடல் வழியே வந்த கொடுமை

2008 நவம்பர் 26, புதன்கிழமை. மும்பைப் பெருநகரம் வழக்கம்போல் இரவு உணவிற்கும் வீடு திரும்புவதற்கும் விரைந்துகொண்டிருந்தது. அவ்வேளையில் கராச்சியிலிருந்து கடல் வழியே புறப்பட்ட பத்து இளைஞர்கள், நடுக்கடலில் ‘குபேர்’ என்னும் இந்திய மீன்பிடிப் படகைக் கைப்பற்றி, பின்னர்க் காற்றடைத்த ரப்பர்ப் படகில் ஏறி, கொலாபா மீனவர் குடியிருப்பின் அருகே கரையிறங்கினர். லஷ்கர்-இ-தொய்பா என்னும் அமைப்பினால் பயிற்றுவிக்கப்பட்டவர்கள் அவர்கள்.

இருவர் இருவராகப் பிரிந்த அவர்கள் சத்ரபதி சிவாஜி ரயில் முனையம், லியோபோல்டு உணவகம், தாஜ்மகால் விடுதி, ஓபராய் டிரைடென்ட் விடுதி, யூதர்களின் இல்லமான நரிமன் இல்லம் ஆகிய இடங்களைத் தாக்கினர். ஏறத்தாழ அறுபது மணி நேரம் இரவும் பகலும் துப்பாக்கி ஒலி ஓயவில்லை. நவம்பர் 29 காலையில் தாஜ் விடுதி மீட்கப்பட்டபோதுதான் அக்கொடுமை முடிவுற்றது. 166 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஊர் திரும்பக் காத்திருந்த ஏழைத் தொழிலாளர்களும் இருந்தனர். அயல்நாட்டு விருந்தினரும் இருந்தனர். இந்துக்கள், முஸ்லிம்கள், கிறித்தவர்கள், யூதர்கள் எனப் பல சமயத்தாரும் இருந்தனர். குண்டுக்குச் சமயம் தெரியாது.

அஞ்சாத நெஞ்சங்கள்

கிர்காவ் சௌபாத்தியில் காவலர்கள் ஒரு காரை மறித்தனர். அதில் இருந்த இருவருள் ஒருவன் கசாப். காவல்துறை உதவி சப்-இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளேயிடம் இருந்தது ஒரு தடி மட்டுமே. அவர் கசாப்பின் துப்பாக்கிக் குழலை வெறுங்கையால் பற்றிக்கொண்டார். குண்டுகள் உடலைத் துளைத்தபோதும் பிடியை விடவில்லை. அவர் வீழ்ந்தார்; ஆனால், கசாப் உயிருடன் பிடிபட்டான். தாக்குதல் எங்கே திட்டமிடப்பட்டது, யார் ஏவினர் என்னும் உண்மைகள் உலகின் முன் வெளிப்பட அந்தப் பிடியே பெருந்துணையாயிற்று.

காமா மருத்துவமனைக்குள் இருவர் நுழைந்தபோது, அங்கிருந்த செவிலியர் ஒருவர் கருவுற்ற தாய்மார் ஏறத்தாழ இருபது பேரைப் பாதுகாப்பான ஓர் அறைக்குக் கொண்டுசென்று காத்தார். ரயில் முனையத்தில் அறிவிப்பாளர் ஒருவர் தம் இருக்கையை விட்டு அகலாமல், பயணிகள் எவ்வழியே வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கியில் இடைவிடாது கூறிப் பலரைக் காத்தார். தாஜ் விடுதியின் ஊழியர் பலர், தாம் தப்பிச்செல்லும் வழியை அறிந்திருந்தும் விருந்தினரைக் கைவிடவில்லை.

ஹேமந்த் கர்கரே, அசோக் காம்தே, விஜய் சலாஸ்கர் ஆகிய காவல் அதிகாரிகளும், தேசியப் பாதுகாப்புப் படையின் மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணன், ஹவில்தார் கஜேந்தர் சிங் பிஷ்ட் ஆகியோரும் இன்னுயிர் ஈந்தனர். இவர்கள் ஐவருக்கும் ஓம்ப்ளேவுக்கும் 2009இல் அசோகச் சக்கர விருது வழங்கி நாடு வணங்கியது.

குறைகளைக் கண்ட நாடு

வீரத்தைப் போற்றுவதோடு ஒரு நாட்டின் கடமை முடிவதில்லை. எங்கே தவறினோம் என்று கேட்கும் துணிவும் வேண்டும். தேசியப் பாதுகாப்புப் படை அரியானாவின் மானேசரில் மட்டுமே நிலைகொண்டிருந்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து அப்படை வந்து சேர மறுநாள் காலை ஆயிற்று. கடற்கரைக் காவலில் இடைவெளிகள் இருந்தன. உளவுச் செய்திகள் உரிய கைகளுக்கு உரிய நேரத்தில் சென்று சேரவில்லை. மத்திய உள்துறை அமைச்சரும் மகாராட்டிர முதலமைச்சரும் பதவி விலகினர்.

அதன்பின் மாற்றங்கள் விரைந்து நிகழ்ந்தன. 2008 டிசம்பரிலேயே தேசியப் புலனாய்வு முகமைச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. மாநில எல்லைகளைக் கடந்த பயங்கரவாதக் குற்றங்களை ஆராய ஒரு தனி அமைப்பு இதனால் உருவாயிற்று. மும்பை, சென்னை, ஐதராபாத், கொல்கத்தா ஆகிய நகரங்களில் தேசியப் பாதுகாப்புப் படையின் மையங்கள் 2009இல் அமைக்கப்பட்டன. நம் நீண்ட கடற்கரையில் ரேடார்களும் கடலோரக் காவல் நிலையங்களும் பெருகின. தமிழ்நாடு உள்ளிட்ட கடலோர மாநிலங்களின் மீனவர்களுக்குக் கைரேகை பதிந்த அடையாள அட்டைகள் வழங்கப்பட்டன. கடலை நாள்தோறும் காண்பவர் மீனவரே. ஆகவே, அவரே கடற்கரையின் முதற்காவலர் என்பதை நாடு உணர்ந்தது.

சட்டமும் உரிமையும்

பயங்கரவாதத்தை ஒடுக்கக் கடுமையான சட்டம் வேண்டும் என்பது ஒரு சாரார் கருத்து. கடுமையான சட்டம் குற்றமற்றவரையும் வருத்தும் என்பது மற்றொரு சாரார் கருத்து. இவ்விரண்டும் நம் நாட்டில் தொடர்ந்து மோதிவந்துள்ளன. 2002இல் இயற்றப்பட்ட பொடா சட்டம், தவறாகப் பயன்படுத்தப்பட்டது என்னும் குற்றச்சாட்டினால் 2004இல் நீக்கப்பட்டது. மும்பைத் தாக்குதலுக்குப் பின், சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. குற்றப்பத்திரிகை இன்றியே ஒருவரை 180 நாள்கள்வரை காவலில் வைக்க அது இடமளிக்கிறது. எனினும், காவலரிடம் அளித்த வாக்குமூலத்தைச் சான்றாகக் கொள்ளலாம் என்ற பொடாவின் விதி மீண்டும் கொண்டுவரப்படவில்லை. பாதுகாப்பும் உரிமையும் துலாக்கோலின் இரு தட்டுகள். ஒன்றை முற்றும் இழந்து மற்றொன்றைப் பெற்றால் கோல் சாய்ந்துவிடும்.

நீதிமன்றத்தில் ஒரு நாடு

கசாப் துப்பாக்கியுடன் நடந்ததை உலகமே படங்களில் கண்டது. ‘இவனுக்கு எதற்கு விசாரணை? இவனுக்கு எதற்கு வழக்கறிஞர்?’ என்று பலர் சினத்துடன் கேட்டனர். அச்சினம் இயல்பானதே. ஆயினும், நாடு அவனை நீதிமன்றத்தில் நிறுத்தியது. ஆர்தர் சாலைச் சிறைக்குள் சிறப்பு நீதிமன்றம் அமைந்தது. அவனுக்காக வாதிட வழக்கறிஞர் அமர்த்தப்பட்டார். நூற்றுக்கணக்கானோர் சாட்சி கூறினர். ரயில் முனையத்தில் காலில் குண்டடிபட்ட சிறுமி ஒருத்தியும் சாட்சிக் கூண்டில் நின்று அவனை அடையாளம் காட்டினாள்.

2010 மே மாதத்தில் அவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மும்பை உயர்நீதிமன்றம் 2011இலும், உச்சநீதிமன்றம் 2012 ஆகஸ்டிலும் அதை உறுதிசெய்தன. கருணை மனுவும் மறுக்கப்பட்டபின், 2012 நவம்பர் 21 அன்று புனேயின் எரவாடா சிறையில் தண்டனை நிறைவேற்றப்பட்டது.

இதைவிட ஆழ்ந்து எண்ணத்தக்க செய்தி ஒன்று உண்டு. அதே வழக்கில் தாக்குதலுக்குத் துணைநின்றதாக இந்தியர் இருவரும் குற்றம் சாட்டப்பட்டிருந்தனர். அவர்களுக்கு எதிரான சான்றுகள் போதா என்று கூறி அதே நீதிமன்றம் அவர்களை அவ்வழக்கிலிருந்து விடுவித்தது. உயர்நீதிமன்றமும் உச்சநீதிமன்றமும் அதனை ஏற்றன. நாடே கொதித்திருந்த வேளையிலும் நீதிபதிகள் சான்றுகளை மட்டுமே நோக்கி நீதி வழங்கினர். விசாரணையின்றித் தண்டித்திருந்தால், அவ்விருவரின் நிலை என்னவாகியிருக்கும்? குற்றவாளிக்கும் விசாரணை வேண்டும் என்பது அவன்மீது கொண்ட இரக்கத்தால் அன்று. குற்றமற்றவரைக் குற்றவாளியிடமிருந்து பிரித்தறிய வேறு வழி இல்லை என்பதால் ஆகும்.

பிளவுபடாத மக்கள்

மக்களிடையே பகைமையை வளர்ப்பதே பயங்கரவாதிகளின் உள்நோக்கம். மும்பை மக்கள் அதற்கு இடந்தரவில்லை. மாண்ட பயங்கரவாதிகள் ஒன்பதுபேரின் உடல்களைத் தம் அடக்கத்தலத்தில் புதைக்க மும்பை முஸ்லிம் பெரியோர் மறுத்துவிட்டனர். அப்பாவிகளைக் கொன்றவர் தம் சமயத்தார் அல்லர் என்பது அவர்கள் கூறிய விடை. அவ்வுடல்கள் ஓராண்டிற்கும் மேலாகப் பிணவறையிலேயே கிடந்தன.

2001இல் தாக்கப்பட்ட அமெரிக்கா ஆப்கானிசுதானத்தில் போர் தொடுத்தது. குவாண்டனாமோ சிறையில் பலரை ஆண்டுக்கணக்கில் விசாரணையின்றி வைத்தது. இந்தியா 2008இல் போர் தொடுக்கவில்லை. சான்றுகளைத் திரட்டிப் பாகிஸ்தானிடமும் உலக நாடுகளிடமும் அளித்தது. சதியின் ஒரு பகுதி தம் மண்ணில் தீட்டப்பட்டதைப் பாகிஸ்தான் 2009 பிப்ரவரியில் ஒப்புக்கொண்டது. எனினும், ஏவியவர் அனைவரும் இன்றளவும் தண்டிக்கப்படவில்லை. பொறுமையின் விலை இதுவென்று வருந்துவாரும் உளர். அவ்வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆனால், நீதியின் கை மெல்ல நீளினும் நீள்கிறது. சதியில் தொடர்புடையவராகக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் 2025 ஏப்ரலில் அமெரிக்காவிலிருந்து நாடு கடத்தப்பட்டு இந்தியா கொண்டுவரப்பட்டார்.

மாணவர்களே, உங்களுள் பலருடைய தந்தையோ தாயோ சீருடை அணிந்து நாட்டைக் காப்பவர்கள். அவர்கள் காப்பது எல்லைக்கோட்டை மட்டுமன்று. எவரையும் சான்றின்றித் தண்டிக்காத ஒரு நாட்டையும் காக்கின்றனர். வகுப்பறையிலும் தெருவிலும் ஒருவரை அவர்தம் பெயரையோ சமயத்தையோ கொண்டு ஐயுறாதிருப்பது, அந்தக் காவலில் நாம் ஏற்கும் பங்காகும்.

அருஞ்சொற்பொருள்

முனையம் – ரயில் தடம் முடிவுறும் நிலையம்
ஈந்தனர் – கொடுத்தனர்
முகமை – குறிப்பிட்ட பணிக்கான அரசு அமைப்பு
துலாக்கோல் – தராசு
ஐயுறுதல் – சந்தேகப்படுதல்

இலக்கணக் குறிப்பு

இரவும் பகலும் – எண்ணும்மை
அஞ்சாத – எதிர்மறைப் பெயரெச்சம்
வெறுங்கை, பெருநகரம் – பண்புத்தொகைகள்
நீதி வழங்கினர் – இரண்டாம் வேற்றுமைத்தொகை

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. தேசியப் பாதுகாப்புப் படை 2008இல் __________ என்னும் இடத்தில் நிலைகொண்டிருந்தது.
2. பொடா சட்டம் __________ ஆம் ஆண்டு நீக்கப்பட்டது.
3. கடற்கரையின் முதற்காவலர் __________ ஆவார்.

ஆ. ஓரிரு தொடர்களில் விடையளி.
1. துக்காராம் ஓம்ப்ளேயின் செயலால் விளைந்த நன்மை யாது?
2. தாக்குதலுக்குப் பின் நாடு கண்டறிந்த குறைகள் இரண்டினைக் கூறுக.
3. மும்பை முஸ்லிம் பெரியோர் அடக்கத்தலத்தில் இடந்தர மறுத்தது ஏன்?

இ. ஒரு பத்தியில் விடையளி.
1. ‘பாதுகாப்பும் உரிமையும் துலாக்கோலின் இரு தட்டுகள்’ – பாடத்தின் துணைகொண்டு விளக்குக.
2. இந்தியர் இருவர் விடுவிக்கப்பட்ட செய்தி நீதிமுறை பற்றி உனக்கு உணர்த்துவது யாது?

ஈ. கலந்துரையாடுக.
‘கொடிய குற்றவாளிக்கும் வழக்கறிஞர் வேண்டும்.’ வகுப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து, ஏற்றும் மறுத்தும் பேசுக. எதிரணியினர் கூறியவற்றுள் உன்னைச் சிந்திக்கவைத்த ஒரு கருத்தை உன் ஏட்டில் எழுதுக.