எந்த டிஸ்ட்ரோ என்று கேட்ட தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

சர்வர்களைக் கவனிக்கும் வேலையில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே உன் காதில் விழுந்துவிட்ட சண்டை இது. ஒருவர் டெபியனைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்கிறார். இன்னொருவர் ரெட் ஹேட் குடும்பத்துக்கு வெளியே இருப்பதை அலுவலகத்துக்குள் விடவே கூடாது என்கிறார். ஆர்ச் லினக்ஸ் வைத்திருக்கும் மூன்றாமவருக்கு இருவருமே பழைய காலத்து ஆட்கள். யார் பக்கம் நிற்பது என்று கேட்டிருந்தாய்.

லினக்ஸ் உலகில் இப்படி மோதிக்கொள்வது வீண்பொழுது அல்ல. பெரிய முடிவுகள் பலவும் மோதலின் நடுவில்தான் எடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைக் கிளறிப் பார்த்தால் அடியில் ஒரே கேள்வி கிடக்கும்: இதை நாளைக்கு யார் பராமரிப்பது? எந்த வாதத்தைக் கேட்டாலும் இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு கேள்.

டிஸ்ட்ரோக்கள் பிறந்ததே அந்தக் கேள்வியிலிருந்துதான். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்டது கர்னல் மட்டுமே. அதோடு மற்ற மென்பொருள்களையும் சேர்த்து, நிறுவத் தோதாகக் கொடுத்த ஆரம்பகாலத் தொகுப்புகளில் எஸ்.எல்.எஸ். பெயர் பெற்றது. அதன் பிழைகள் பயனர்களைப் படுத்தியெடுத்தன. பேட்ரிக் வோல்கர்டிங் அவற்றைத் திருத்தப் போய், 1993 ஜூலையில் ஸ்லாக்வேர் வந்தது. அடுத்த மாதமே இயன் மர்டாக் டெபியனை அறிவித்தார். கர்னலும் பெரும்பாலான மென்பொருள்களும் எல்லோருக்கும் பொது. எந்தப் பதிப்பை எடுப்பது, எதைத் திருத்துவது, பாதுகாப்பு ஓட்டை தெரிந்தால் எத்தனை நாளில் அடைப்பது, எத்தனை ஆண்டு அடைத்துக்கொண்டே இருப்பது என்பதில்தான் ஒரு டிஸ்ட்ரோ இன்னொன்றிலிருந்து வேறுபடுகிறது. சுருக்கமாக, அது ஒரு வாக்குறுதி.

வாக்குறுதியின் பாரம் யார் தோளில் என்பதை டெபியனின் இனிட் விவகாரம் அளவுக்குத் தெளிவாகக் காட்டிய நிகழ்ச்சி வேறில்லை. கணினி விழித்ததும் கர்னல் முதலில் எழுப்பும் புரோகிராம் இனிட். மற்ற சேவைகளையெல்லாம் எழுப்புவது அதன் வேலை. நெடுங்காலமாக சிஸ்வி-இனிட் அதைச் செய்துவந்தது, சேவைக்கு ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் என்ற கணக்கில். 2010-இல் லெனார்ட் பொயட்டரிங்கும் கே சீவர்ஸும் சிஸ்டம்டியைக் கொண்டுவந்தார்கள். அது பல சேவைகளை ஒரே நேரத்தில் எழுப்பும். விழுந்துபோன சேவையைச் சொல்லிவைத்தபடி மறுபடி தூக்கி நிறுத்தும். ஒரு சேவை பெற்றுப்போட்ட புராசஸ்களில் ஒன்றையும் தவறவிடாது. 2011-இல் ஃபெடோரா அதை ஏற்றுக்கொண்டது.

எதிர்த்தவர்களிடமும் நியாயம் இருந்தது. முதல் புராசஸ் மிகச் சிறியதாக இருக்க வேண்டும், இதுவோ லாக், லாகின், நெட்வொர்க் என்று ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டு பெருக்கிறது என்றார்கள். எந்தக் கருவியாலும் படிக்கக்கூடிய உரைக் கோப்பாக இருந்த லாக், பைனரியாக மாறுகிறதே என்றார்கள். க்னோம் போன்ற டெஸ்க்டாப்கள் இதையே நம்பத் தொடங்கிவிட்டால் அப்புறம் மாற்றுக்கு எங்கே போவது என்று கேட்டார்கள்.

2013 அக்டோபரில், எந்த இனிட்டை எடுப்பது என்ற வழக்கு டெபியனின் தொழில்நுட்பக் குழுவிடம் போனது. குழுவில் எட்டுப் பேர். சிஸ்டம்டிக்கு எதிரே நின்றது உபுண்டு உருவாக்கிய அப்ஸ்டார்ட். மாதக்கணக்கில் வாதம் நடந்தது. 2014 பிப்ரவரியில் வாக்கெடுத்தபோது நான்குக்கு நான்கு. குழுத் தலைவர் பிடேல் கார்பி தன் தீர்மான வாக்கைச் சிஸ்டம்டிக்கு அளித்தார். சில நாள்களுக்குள்ளேயே உபுண்டுவின் மார்க் ஷட்டில்வொர்த் தோல்வியை ஒப்புக்கொண்டு, தங்கள் டிஸ்ட்ரோவும் சிஸ்டம்டிக்கு மாறும் என்று அறிவித்தார். சொந்தக் கருவியைப் பல ஆண்டு வளர்த்துவிட்டு அவ்வளவு சீக்கிரம் அப்படிச் சொல்லப் பெருந்தன்மை வேண்டும்.

அந்த எட்டுப் பேரில் ரஸ் ஆல்பெரி என்பவரை நீ தெரிந்துகொள்ள வேண்டும். கருத்துச் சொல்வதற்கு முன், தன் பொறுப்பில் இருந்த ஒரு சிறிய சேவையின் பேக்கேஜை எடுத்து, சிஸ்டம்டிக்கும் ஒரு முறை, அப்ஸ்டார்ட்டுக்கும் ஒரு முறை மாற்றி எழுதிப் பார்த்தார் அவர். எது எங்கே இடறியது, எது எளிதாக அமைந்தது என்பதை நீண்ட மதிப்பீடாக எழுதிவைத்தார். ஆயிரக்கணக்கான சொற்கள் பறந்த அந்த விவாதத்தில் எனக்கு மிகவும் மதிப்புக்குரியது அந்த உழைப்புதான். உன் அலுவலகத்தில் இரண்டு கருவிகளுக்கு இடையே சண்டை வந்தால், சிறிய சேவை ஒன்றை இரண்டிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு வா. வயதில் இளையவள் என்பதெல்லாம் அதற்கப்புறம் யாருக்கும் நினைவிருக்காது.

வாக்கெடுப்போடு கதை முடியவில்லை. அதே ஆண்டு நவம்பரில், எந்த பேக்கேஜும் குறிப்பிட்ட ஓர் இனிட்டைக் கட்டாயமாக நம்பக் கூடாது என்ற தீர்மானம் எல்லா டெவலப்பர்களின் பொது வாக்குக்கு வந்தது. இதற்குப் பொதுத் தீர்மானமே தேவையில்லை என்பதுதான் பெரும்பான்மையின் பதிலாக இருந்தது. ஆனால் அதற்குள் பலர் களைத்திருந்தார்கள். ஆல்பெரி குழுவிலிருந்து விலகினார். காலின் வாட்சன் விலகினார். எதிரணியை வழிநடத்திய இயன் ஜாக்சனும் குழுவை விட்டுப் போனார். டெபியனின் நிறுவியைக் கட்டியெழுப்பியவர்களில் ஒருவரான ஜோயி ஹெஸ் திட்டத்தை விட்டே வெளியேறினார். ஆண்டுக்கணக்கில் சம்பளமில்லாமல் உழைத்த மனிதர்கள். தொழில்நுட்ப வாதத்தில் வார்த்தை தடித்தால் எதை இழக்க நேரும் என்பதற்கு இந்தப் பெயர்கள் போதும்.

டெபியனின் சாசனத்தில் ஒரு விதி உண்டு: திட்டத்துக்காக வேலை செய்தே ஆக வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. மாற்று இனிட்டும் வேண்டும் என்று கேட்கலாம். அதற்கான ஸ்கிரிப்ட்டுகளை நீதான் எழுத வேண்டும் என்று இன்னொரு தன்னார்வலர் மேல் சுமத்த முடியாது. அதனால்தான், தோற்ற தரப்பில் ஒரு பகுதியினர் செய்த காரியத்தை மனதார மதிக்கிறேன். அவர்கள் கோபித்துக்கொண்டு ஓய்ந்துவிடவில்லை. சிஸ்டம்டி இல்லாத டெபியனாக டெவுவானைத் தொடங்கினார்கள். முதல் நிலையான பதிப்பு 2017 மே மாதம்தான் வந்தது. இரண்டரை ஆண்டு உழைப்பு. டெவுவான் இன்றும் வெளிவருகிறது. அவர்களோடு உடன்படாதவர்கூட அந்தக் கருத்தை அலட்சியப்படுத்த முடியாது, அதன் சுமையை அவர்களே தூக்குகிறார்கள்.

வாக்குறுதி முறிந்தால் என்ன ஆகும் என்பதை சென்ட்ஓஎஸ் காட்டியது. ரெட் ஹேட் விற்கும் டிஸ்ட்ரோவின் மூலநிரலை எடுத்து, கட்டணமில்லாமல் கட்டித் தந்த டிஸ்ட்ரோ அது. 2014-இல் ரெட் ஹேட்டின் அரவணைப்புக்குள் வந்தது. 2019-இல் ஐ.பி.எம். நிறுவனம் 3,400 கோடி டாலருக்கு ரெட் ஹேட்டை வாங்கியது. சென்ட்ஓஎஸ் 8 வெளிவந்தபோது 2029 வரை அப்டேட் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தது. 2020 டிசம்பர் 8-ஆம் தேதி, அது 2021 இறுதியிலேயே முடிந்துவிடும் என்று அறிவிப்பு வந்தது. அதை நம்பி சர்வர்களை நிறுவியிருந்தவர்களுக்கு எட்டு ஆண்டு, ஒரே ஆண்டாகச் சுருங்கியது.

ரெட் ஹேட்டின் தரப்பையும் கேட்க வேண்டும். பத்து ஆண்டு பழைய பதிப்புக்குப் புதிய திருத்தங்களைப் பின்னோக்கிக் கொண்டுபோய்ப் பொருத்துவது கடினமான, சலிப்பூட்டும் வேலை. அதைச் சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் நிறுவனம், பலனை இலவசமாக மட்டுமே அனுபவிப்பவர்களைப் பற்றிப் பேசுவதில் தவறில்லை. பாதி வழியில் தேதியை மாற்றியதுதான் தவறு. சென்ட்ஓஎஸ் தொடக்கத்தில் இருந்தவர்களில் ஒருவரான கிரிகோரி கர்ட்சர் உடனே ராக்கி லினக்ஸை அறிவித்தார். மறைந்த சக நிறுவனர் ராக்கி மெக்காவின் பெயர் அது. கிளவுட்லினக்ஸ் நிறுவனத்தின் முயற்சியில் அல்மாலினக்ஸ் 2021 மார்ச்சில் வந்தது. 2023 ஜூனில் ரெட் ஹேட் தன் மூலநிரலைப் பொதுவெளியில் தரும் வழியைச் சுருக்கியபோது, இனி பிழைக்குப் பிழை ஒத்த நகலாக இருக்க மாட்டோம், புரோகிராம்கள் மாற்றமில்லாமல் ஓடும் அளவுக்கு ஒத்திருப்போம் என்று அல்மா வழியை மாற்றிக்கொண்டது. ராக்கி பழைய இலக்கைப் பிடித்து நின்றது. எது சரி என்று இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். உனக்கு வேண்டிய கேள்வி வேறு: உன் சர்வரில் ஓடும் டிஸ்ட்ரோவின் கடைசி நாள் எது, அதை அறிவித்தவர் யார், அவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, வாக்கு மாறினால் எத்தனை வாரத்தில் நீ இடம்பெயர முடியும்?

உபுண்டுவின் ஸ்னாப் என்ற பேக்கேஜ் முறை பற்றிய சண்டையையும் இந்தக் கண்ணோடு பார்த்துக்கொள். ஸ்னாப் ஸ்டோரின் சர்வர் ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பதையும் ஒரு காரணமாகச் சொல்லித்தான் 2020-இல் லினக்ஸ் மின்ட் அதைத் தானாக நிறுவ விடாமல் தடுத்தது. வேகம் குறைவு என்ற புகார் காலப்போக்கில் சரியாகலாம். கட்டுப்பாடு யாரிடம் என்பது அப்படித் தானாகச் சரியாகும் விஷயமல்ல.

இப்போது 2024-க்கு வா. ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் மைக்ரோசாஃப்டில் பணிபுரியும் போஸ்ட்கிரெஸ் டெவலப்பர். டெபியனின் ‘சிட்’ என்ற நிலையற்ற பதிப்பில் தன் டேட்டாபேஸின் வேகத்தை அளந்துகொண்டிருந்தவர், எஸ்.எஸ்.ஹெச். லாகின் வழக்கத்தைவிட அதிக சிபியூவைத் தின்பதைக் கவனித்தார். 0.3 வினாடியில் முடிய வேண்டியது 0.8 வினாடி எடுத்தது. அந்த அரை வினாடியை அவர் விடவில்லை. துருவிக்கொண்டே போய், மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார்: எக்ஸ்.இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ரகசியப் பின்கதவு. குறிப்பிட்ட சாவி வைத்திருப்பவர் எஸ்.எஸ்.ஹெச். வழியாக உள்ளே வந்து எதையும் இயக்கலாம்.

சுருக்கக் கருவிக்கும் லாகினுக்கும் என்ன தொடர்பு? அங்கேதான் டிஸ்ட்ரோ வருகிறது. ஓபன்எஸ்எஸ்ஹெச்சின் மூலத்தில் அந்த இணைப்பே கிடையாது. எழுந்துவிட்டேன் என்று சிஸ்டம்டிக்கு அது ஒரு செய்தி அனுப்ப வேண்டும் என்பதற்காக, டெபியனும் ஃபெடோராவும் தாங்களே பேட்ச் போட்டு சிஸ்டம்டியின் நூலகத்தை இணைத்திருந்தன. அந்த நூலகம் எக்ஸ்.இசட் நூலகத்தைத் துணைக்கு அழைத்தது. அந்த பேட்ச் இல்லாத ஆர்ச்சில் இந்தப் பாதை இல்லை. பழைய இனிட் சண்டை அன்றிரவே மறுபடி மூண்டது. அப்போதே சொன்னோமே என்றது ஒரு தரப்பு. அந்தச் செய்தியை அனுப்பச் சில வரி நிரல் போதும், முழு நூலகத்தை இழுக்கச் சொன்னது யார் என்றது மறுதரப்பு. இரண்டுமே உண்மை. சில மாதங்களில் ஓபன்எஸ்எஸ்ஹெச் 9.8 அந்தச் சில வரிகளைத் தானே எழுதிக்கொண்டது.

டிஸ்ட்ரோவின் பேட்ச் இடறியது அது முதல் முறையும் அல்ல. 2006-இல் ஒரு சோதனைக் கருவி காட்டிய எச்சரிக்கையை நீக்குவதற்காக டெபியன் ஓபன்எஸ்எஸ்எல்லில் செய்த சிறு மாற்றம், சமவாய்ப்பு எண்களை ஊகிக்கக்கூடியவையாக ஆக்கிவிட்டது. 2008 மே மாதம்தான் வெளியில் தெரிந்தது. இடைப்பட்ட காலத்தில் டெபியனிலும் உபுண்டுவிலும் உருவாக்கிய எஸ்.எஸ்.ஹெச். சாவிகளை மாற்ற வேண்டியிருந்தது.

ஆனால் எக்ஸ்.இசட் கதையில் என்னை உலுக்குவது வேறு. உலகின் எண்ணற்ற சர்வர்களில் இருந்த அந்தக் கருவியை, சம்பளமில்லாமல், பெரும்பாலும் தனியாளாகக் கவனித்துவந்தவர் லாசே காலின். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் 2021 முதல் பொறுமையாக உதவி செய்து நம்பிக்கை சம்பாதித்தார். வேறு சில பெயர்கள், ஏன் இவ்வளவு தாமதம், பொறுப்பை இன்னொருவரிடம் கொடுங்கள் என்று காலினை நெருக்கின. இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்று அவர் நினைவூட்டியும் நெருக்கடி நிற்கவில்லை. கடைசியில் பொறுப்பு ஜியா டானிடம் போனது. களைத்த மனிதர் ஒருவரின் களைப்பையே கதவாகப் பயன்படுத்தினார்கள். பிழை திருத்தவில்லையே என்று ஒரு பராமரிப்பாளரிடம் எரிந்து விழ உனக்கு என்றைக்காவது தோன்றினால், இந்த மனிதரை நினைத்துக்கொள்.

மென்பொருளைவிட அதைக் கவனிக்கும் ஆட்களே முக்கியம் என்பதற்கு நம் பக்கத்திலும் சான்று உண்டு. சென்னை சி-டாக், டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் லினக்ஸை உருவாக்கியது. தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு அதுவும் வந்தது. கேரளத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: அரசுப் பள்ளிகள் லினக்ஸுக்கு மாறியபோது ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பாடநூலை அதற்கேற்ப எழுதினார்கள், கணினித் தேர்வையும் அதிலேயே வைத்தார்கள். வட்டில் இருக்கும் மென்பொருளைவிட அதைக் கவனிக்கும் ஆட்களில் முதலீடு செய்த அந்த ஏற்பாடு இன்றும் நடக்கிறது. 2023 செப்டம்பரில் டெபியனின் ஆண்டு மாநாடு கொச்சியில் நடந்ததும் பொருத்தமாகவே தோன்றுகிறது.

உன் கேள்விக்கு வருகிறேன். அலுவலக சர்வருக்கு டெபியன் நிலைப்பதிப்பை எடு. கட்டண ஆதரவு கட்டாயம் என்று வாடிக்கையாளர் ஒப்பந்தம் சொன்னால் ரெட் ஹேட்டையே வாங்கச் சொல். வீட்டுக் கணினியில் ஆர்ச் வைத்துக்கொள். உடைந்து உடைந்து சரிசெய்யும்போது நிறையக் கற்றுக்கொள்வாய். அலுவலகத்தில் சென்ட்ஓஎஸ் 7 எங்காவது ஓடுகிறதா என்று இந்த வாரமே தேடிப் பார், அதன் காலம் 2024 ஜூன் 30-ஓடு முடிந்துவிட்டது.

அப்புறம், மாதத்தில் ஒரு மாலையை இந்தப் பராமரிப்பு வேலைக்கும் ஒதுக்கு. டெபியன் நிறுவியில் தமிழும் ஒரு மொழி. வரைகலை முறையில் மட்டும் தெரியும். ஒரு மெய்நிகர் கணினியில் அதைத் தமிழிலேயே முதலிலிருந்து கடைசிவரை நிறுவிப் பார். புரியாத வாக்கியம், வெட்டுப்படும் எழுத்து, ஆங்கிலத்திலேயே நின்றுவிட்ட திரை எதுவாக இருந்தாலும் படத்தோடு குறித்துவை. ரிப்போர்ட்பக் கருவி வழியாக அனுப்பலாம். பதில் வரச் சில வாரம் ஆகலாம். அதற்குள் மாற்று வாக்கியத்தை நீயே எழுதித் தயாராக வைத்திரு.

அன்புடன்,
உன் அண்ணன்